ஓவிய, ஒளிப்பட அச்சுக்கு இங்க்ஜெட் பிரிண்டரும் மையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு மாடி அறையில் ஓவியங்களையும் ஒளிப்படங்களையும் அச்சடித்து, சட்டம் போட்டுக் கொடுக்கிறேன். ஓவியர்கள், பறவைப் படம் எடுக்கும் டாக்டர்கள், கல்லூரிப் பிள்ளைகள், தாத்தா காலத்துப் போட்டோவைத் துணியில் சுற்றிக்கொண்டு குடியாத்தத்திலிருந்து வருகிறவர்கள் எனப் பலரும் கேட்கிற கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். விலை எதுவும் எழுதவில்லை. இன்று எழுதினால் அடுத்த மாதம் தப்பாகிவிடும்.

எந்த பிரிண்டர் வாங்கலாம்?

முதலில் நான் திருப்பி ஒன்று கேட்பேன்: வாரத்துக்கு எத்தனை பிரிண்ட் போடுவீர்கள்? வாரம் ஒன்றாவது போடுவேன் என்றால் மேலே பேசலாம். பொங்கலுக்கு ஒன்று, ஆடிக் கிருத்திகைக்கு ஒன்று என்றால் வாங்கவே வேண்டாம். இந்த வகை பிரிண்டர் மாடு வளர்ப்பது மாதிரி. பால் கறக்காத நாளிலும் தீவனம் வைக்க வேண்டும். ஓட்டாமல் விட்டால், தாளில் மையைப் பீச்சும் ஹெட்டில் மை காயும். அதைச் சுத்தம் செய்யவே பாதி கார்ட்ரிட்ஜ் (மை அடைத்த டப்பா) போய்விடும். எப்போதாவது ஒன்று தேவைப்படுகிறவர்கள் காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னையில் நல்ல லேபில் போட்டுக்கொள்வது எவ்வளவோ மேல். அங்கே என்ன கேட்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

டை இங்க், பிக்மென்ட் இங்க் என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

வெள்ளை வேட்டியில் சாம்பார் கொட்டினால் சோப்புக்குப் போகாத மஞ்சள் கறை, இரண்டு நாள் வெயிலில் காயப்போட்டால் தானே போய்விடும். கோயில் மதிலில் அடித்த காவிப் பட்டை ஆண்டுக்கணக்கில் அதே வெயிலில் நிற்கிறது. மஞ்சளில் இருப்பது கரையும் சாயம். காவி என்பது அரைத்த மண், அதாவது துகள். டை இங்க்கும் பிக்மென்ட் இங்க்கும் இப்படித்தான்.

டை இங்க்கில் நிறம் நீர்மத்தில் கரைந்திருக்கும். நிறம் பளீரென்று இருக்கும், பளபளப்புத் தாளில் அழகாக உட்காரும். ஆனால் தனித்தனி மூலக்கூறாக இருப்பதால் வெளிச்சமும் காற்றிலுள்ள ஓசோனும் சுலபமாகத் தாக்கும். பிக்மென்ட் இங்க்கில் நிறம் மிக நுண்ணிய திடத் துகள்களாக மிதக்கும். மேலடுக்கு மங்கினாலும் உள்ளே நிறம் மிச்சமிருக்கும். ஆம்பூர்ப் பக்கம் மலையாம்பட்டு அருகே அர்மாமலைக் குகைக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே சமண ஓவியங்களின் மிச்சம் இன்னும் கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதுவும் துகள் வண்ணம்தான்.

2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு டை பிரிண்டரில் அடித்த படங்கள் சில வாரங்களிலேயே ஆரஞ்சு நிறத்துக்குத் திரும்பி உலகம் முழுக்கப் பேச்சானது. ஓசோன் நீலச் சாயத்தைத் தின்றதுதான் காரணம். டை மைகள் அதற்குப் பிறகு எவ்வளவோ முன்னேறிவிட்டன. ஆனாலும் விற்பனைக்குப் போடும் ஓவியப் பிரதியை டையில் அடிக்க எனக்கு மனம் வராது.

வீட்டில் டேங்க் பிரிண்டர் இருக்கிறது. அது போதாதா?

மையைத் தொட்டியில் ஊற்றி ஓட்டும் வகை அது, ஆனால் எந்த டேங்க் என்று பாருங்கள். எப்சன் எல்1800, எல்18050 மாதிரி ஆறு வண்ண ஏ3 டேங்க் பிரிண்டர்கள் டை இங்க் வகை. கல்யாண ஆல்பம், பள்ளி ப்ராஜெக்ட், ஸ்டூடியோ வேலைக்கு அருமையானவை, செலவும் குறைவு. எல்15150 போன்றவற்றில் நான்கு நிறமும் பிக்மென்ட். அதனால் சிலர் அதைக் கலை அச்சுக்கும் சரி என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். அது ஆபீஸ் பிரிண்டர். சாம்பல் மை கிடையாது, வெளிர் மை கிடையாது. பளபளப்புத் தாளில் அடித்துச் சாய்த்துப் பார்த்தால் கறுப்பு, பித்தளை மாதிரி மின்னும்.

பழகிக்கொள்ள டேங்க் பிரிண்டர் நல்லது. வண்ணம் திருத்தவும் தாள் தேர்ந்தெடுக்கவும் அதில் கற்றுக்கொள்ளலாம். காசு வாங்கிக்கொண்டு கொடுக்கும் பிரதிக்கு வேண்டாம்.

சரி, மாடலைச் சொல்லுங்கள்.

வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நாலு மாடலுக்குள்தான் சுற்றி வருவார்கள். 13 அங்குல அகலத்தில் எப்சன் பி700, கேனன் புரோ-300. 17 அங்குலத்தில் எப்சன் பி900, கேனன் புரோ-1000. புரோ-1000-க்கு அடுத்ததாக 2024-ல் புரோ-1100 வந்திருக்கிறது. எல்லாமே பிக்மென்ட். ஊருக்கு ஊர் மாடல் எண்ணின் கடைசி இலக்கம் மாறும், குழம்ப வேண்டாம்.

கார்ட்ரிட்ஜ் அளவைப் பாருங்கள்: புரோ-300-ல் 14.4 மில்லி, பி700-ல் 25, பி900-ல் 50, புரோ-1000-ல் 80. சின்ன பிரிண்டர் விலை குறைவு என்று வாங்கினால், மில்லி கணக்கில் மைக்கு அதிகம் கொடுத்துக்கொண்டே இருப்பீர்கள். பால் பாக்கெட் கணக்குத்தான். மாதம் பத்துப் பிரதிக்கு மேல் போடுகிறவர் 17 அங்குலத்துக்குப் போவது நல்லது.

எப்சனுக்கும் கேனனுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் ஹெட்டில். எப்சனில் மின்சாரம் பட்டால் வளையும் படிகம் மையைத் தள்ளும். கேனனில் நொடிக்குள் சூடாகி உண்டாகும் குமிழி தள்ளும். எப்சன் ஹெட் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் போனால் சர்வீஸ்காரர் வந்தாக வேண்டும். புரோ-1000-ல் ஹெட்டை நாமே கழற்றி மாற்றலாம். மை வரும் நுண்துளையான நாசில் அடைத்தால், பதிலுக்கு வேறு நாசிலை அதுவே வேலைக்கு விட்டுவிடும். அடிக்கடி ஓட்டாதவருக்கு அது பெரிய நிம்மதி. கோட்டை அகழியை நீளவாக்கில் எடுத்து நாலடிக்கு அடிக்க ஆசைப்படுகிறவர் எப்சனுக்குப் போவது வசதி. பி700-ல் ரோல் (சுருள் தாள்) வசதி கூடவே வருகிறது, பி900-க்குத் தனியாக வாங்கிப் பொருத்தலாம், புரோ-1000-ல் ரோல் கிடையாது.

என்னைக் கேட்டால், வாரா வாரம் தவறாமல் ஓட்டுகிறவருக்கு பி900. நடுவில் பத்துப் பதினைந்து நாள் வெளியூர் போகிறவருக்கு புரோ-1000.

பத்து மை, பன்னிரண்டு மை எதற்கு? நாலு நிறம் போதாதா?

வேலூர்க் கோட்டைச் சுவரைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துப் பாருங்கள். பதினாறாம் நூற்றாண்டுக் கருங்கல். பக்கத்துக்குப் பக்கம் சாம்பல் நிறம் மாறும். மதிய வெயிலில் ஒரு கல் வெளுத்திருக்கும், அதன் இடுக்கில் அகழியின் ஈரம் ஏறி இன்னொரு கல் கறுத்திருக்கும். இரண்டுக்கும் நடுவே இருபது வகைச் சாம்பல். நாலு நிற பிரிண்டர் இந்தச் சாம்பலைப் பெரும்பாலும் நீலம், சிவப்பு, மஞ்சள் மூன்றையும் கலந்துதான் உண்டாக்கும். கலவை ஒரு இழை தவறினாலும் கல் பாசி பிடித்த மாதிரி பச்சையாகும், அல்லது ரோஸ் பூசியது போலாகும். அதுவும் டியூப் லைட்டில் ஒரு மாதிரி, ஜன்னல் வெளிச்சத்தில் வேறு மாதிரி.

பி900-ல் இரண்டு கறுப்புடன் சாம்பல், வெளிர் சாம்பல் என்று தனி மைகள் இருக்கின்றன. கல்லின் சாம்பல் சாம்பலாகவே வரும். வெளிர் நீலம், வெளிர் சிவப்பு மைகள் வானத்திலும் முகத்திலும் புள்ளி தெரியாமல் வழவழப்பாக்கும்.

மேட் கறுப்பு, ஃபோட்டோ கறுப்பு: எதை எப்போது?

பளபளப்பான தாளுக்கு ஃபோட்டோ கறுப்பு. சொரசொரப்பான பருத்தித் தாளுக்கு மேட் கறுப்பு. மாற்றிப் போட்டால் கறுப்பு சாம்பலாக வெளுக்கும், அல்லது கையில் ஒட்டும். பழைய எப்சன் மாடல்கள் சிலவற்றில் இரண்டு கறுப்புக்கும் ஒரே வழி. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் மை வீணாகும். பி700, பி900-ல் தனித்தனி வழி. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள்.

'100 ஆண்டு நிற்கும்', '200 ஆண்டு நிற்கும்' என்கிறார்களே, நம்பலாமா?

கணக்கு எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டு நம்புங்கள். யாரும் நூறு ஆண்டு காத்திருந்து பார்க்கவில்லை. பலமான விளக்கின் கீழ் வேகமாக மங்க வைத்து, அதிலிருந்து கணக்குப் போடுகிறார்கள். இத்துறையில் அதிகம் பேசப்படும் வில்ஹெல்ம் ஆய்வகத்தின் கணக்கு, ஒரு நாளில் 12 மணி நேரம் 450 லக்ஸ் வெளிச்சம், 24 டிகிரி வெப்பம், 60 சதவீத ஈரப்பதம் என்ற நிலைக்கானது. சித்திரை மாதம் வேலூரில் 24 டிகிரியை ஏசிக்குள்தான் பார்க்கலாம். மேற்குப் பார்த்த ஜன்னலோரம் மதிய வெளிச்சம் பல ஆயிரம் லக்ஸ் இருக்கும்.

இன்னொன்று: 'ஆல்பத்தில் இத்தனை ஆண்டு' என்பது வேறு, 'சுவரில் மாட்டினால் இத்தனை ஆண்டு' என்பது வேறு. டை பிரிண்டர் பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் இருட்டில் மூடி வைத்த ஆல்பக் கணக்கு. அந்த ஆண்டு எண்ணை ஒரு மையை இன்னொரு மையோடு ஒப்பிட மட்டும் நான் பயன்படுத்துகிறேன். வாடிக்கையாளரிடம் ஆண்டு சொல்வதில்லை.

கடையில் பாட்டிலில் விற்கும் இங்க்கை ஊற்றலாமா? பாதி விலைகூட இல்லையே!

நானும் ஊற்றிப் பார்த்தவன்தான். தொழில் ஆரம்பித்த புதிதில், 'எல்லா பிரிண்டருக்கும் ஏற்றது' என்று எழுதிய ஒரு பாட்டில் வாங்கி, குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாப் படம் ஒன்றை அடித்தேன். அன்று பார்க்கக் கம்பெனி மையைவிட எடுப்பாகவே இருந்தது. அப்புறம் சந்தேகம் வந்து, அதே படத்தைக் கம்பெனி பிக்மென்ட் மையிலும் அடித்து, இரண்டையும் மேற்கு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினேன். ஒவ்வொன்றிலும் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடினேன். சித்திரையில் ஒட்டியதை ஆடியில் எடுத்தேன்.

கம்பெனி மையில் அட்டையின் விளிம்பு எங்கே இருந்தது என்று தேட வேண்டியிருந்தது. பாட்டில் மையில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி தெரிந்தது. மூடிய பாதியில் அம்மன் புடவை அரக்கு. மூடாத பாதியில் பழைய டீக்கறை. மாலையிலிருந்த சாமந்தி இருந்த இடமே தெரியவில்லை. ஏற்கெனவே விற்றிருந்த நாலு பிரதியை வீடு தேடிப் போய் மாற்றிக் கொடுத்தேன்.

பாட்டிலில் 'பிக்மென்ட்' என்று எழுதியிருந்தாலும் துகளின் தரம் நமக்குத் தெரியாது. அடுத்த பாட்டிலில் அதே நிறம் வரும் என்ற உறுதியும் இல்லை. இந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம். ஒரு துண்டுத் தாளும் வேலூர் வெயிலும் போதும்.

நம்ம ஊர் வெயிலில் ஹெட் அடைத்துக்கொள்கிறதே?

அடைக்கத்தான் செய்யும். எப்சன் கையேடு சொல்லும் வெப்ப அளவு 10 முதல் 35 டிகிரி. மே மாத மதியம் மொட்டை மாடிக்குக் கீழ் உள்ள அறை அதைத் தாண்டிவிடும், காற்றும் காய்ந்திருக்கும். பிரிண்டரைக் கீழ்த்தளத்தில், ஃபேன் காற்று நேராகப் படாத மூலையில் வையுங்கள். காலை பத்து மணிக்குள் அச்சு வேலையை முடித்துவிடுவது என் வழக்கம். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி மாட்டுங்கள். 40-க்கும் 60-க்கும் நடுவில் இருந்தால் நல்லது. ரொம்பக் காய்ந்தால் அறையில் ஒரு வாளித் தண்ணீர், ஈரத் துண்டு. ஏர் கூலர் வேண்டாம். தாள் அப்பளம் மாதிரி சுருளும்.

திங்கட்கிழமைதோறும் நாசில் செக். கூடவே எல்லா மையும் ஓடும்படி ஒரு சின்ன வண்ணப் பட்டை. அடைத்திருந்தால் இரண்டு முறை கிளீனிங் கொடுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் நிறுத்திவிட்டு ஒரு இரவு விடுங்கள். மூடியின் ஈரத்தில் காய்ந்த மை தானே இளகும். கோபத்தில் பத்து முறை கிளீனிங் கொடுத்து, மை முழுக்கக் கழிவுத் தொட்டிக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

கரண்ட் போனால்?

அச்சு நடுவில் போனால் ஹெட் மூடிக்குள் போய் அமராமல் திறந்தே நிற்கும், அதுதான் ஆபத்து. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள், யூபிஎஸ் ஒன்று வையுங்கள். அணைக்கும்போது பிரிண்டரில் உள்ள பட்டனை அழுத்தி, விளக்கு அணையும்வரை காத்திருங்கள். சுவர் ஸ்விட்சைத் தட்டிவிட்டுப் போகிற பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால் அதன் மேல் டேப் ஒட்டுங்கள்.

எந்தத் தாள்?

மை எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் தாள். மரக்கூழில் உள்ள லிக்னினும் அமிலமும்தான் செய்தித்தாளைப் பழுப்பாக்குகின்றன. அமிலமும் லிக்னினும் இல்லாத, நூறு சதவீதம் பருத்தித் தாள்தான் உயர்ந்தது. 1584-ல் தொடங்கிய ஜெர்மன் ஆலை ஹானெமூலேயின் ஃபோட்டோ ராக் 308 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கனம்), கான்சன் ராக் ஃபோட்டோகிராஃபிக் 310 ஜிஎஸ்எம் இரண்டும் உலகெங்கும் ஓவியப் பிரதிக்குப் பயன்படுகின்றன. நீர்வண்ண ஓவியத்துக்கு மேட் பருத்தித் தாள். பளபளப்பும் ஆழமான கறுப்பும் வேண்டிய ஒளிப்படத்துக்கு, பேரியம் சல்பேட் பூச்சுள்ள பரைட்டா வகை.

வாங்கும்போது ஒளியூட்டி ரசாயனம் சேர்த்த தாளா என்று கேளுங்கள். சலவை நீலம் போட்ட வேட்டி மாதிரி பளிச்சென்று இருக்கும் தாளில் பெரும்பாலும் அது இருக்கும். அந்த வெண்மை சில ஆண்டுகளில் தீர்ந்து, படத்தின் வெள்ளைப் பகுதி மஞ்சளடிக்கும். லேசாகப் பால் நிறத்தில் இருக்கும் தாளுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

பருத்தித் தாளைப் பிரிண்டரில் வைக்கும் முன் மெல்லிய பிரஷ்ஷால் ஒரு தடவு தடவுங்கள். ஒட்டியிருக்கும் பஞ்சுத் தூசி மேல் மை விழுந்து, அப்புறம் தூசி உதிர்ந்தால் அந்த இடம் வெள்ளைப் புள்ளி. அது எப்போதும் வானத்தில்தான் வரும், ஏனென்று கேட்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தாளை அதன் உறையிலேயே படுக்கை வாக்கில் வையுங்கள்.

திரையில் ஒரு நிறம், தாளில் ஒரு நிறம். ஏன்?

பெரும்பாலும் பிரிண்டர் மீது தப்பு இல்லை. திரை அதிக வெளிச்சமாக இருக்கும். அதைப் பார்த்து நீங்கள் படத்தை இருட்டாக்கியிருப்பீர்கள். மானிட்டர் வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்துப் பாருங்கள், முக்கால் பிரச்சினை தீரும். மிச்சத்துக்கு, திரையின் நிறத்தை அளந்து சரிசெய்யும் மானிட்டர் காலிபரேஷன் கருவி. தாள் கம்பெனியின் தளத்தில் உங்கள் பிரிண்டருக்கும் அந்தத் தாளுக்குமான ஐசிசி புரொஃபைல் (நிறத்தைத் தாளுக்கேற்ப மாற்றித் தரும் கோப்பு) இலவசமாகக் கிடைக்கும். அதைப் போட்டால், பிரிண்டரின் சொந்த வண்ணத் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் முகமெல்லாம் சிவந்துவிடும்.

படத்தை வாட்ஸ்ஆப்பில் அனுப்பாதீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடும். ஏ3-க்கு 300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) என்றால் ஏறக்குறைய 3500-க்கு 5000 பிக்சல் வேண்டும்.

தஞ்சாவூர் ஓவியத்தின் தங்கம் அச்சில் வருமா? ஸ்ரீபுரம் பொற்கோயிலை வரைந்த படம் இருக்கிறது.

வராது. இந்த பிரிண்டர்கள் எதிலும் உலோக மை இல்லை. மஞ்சளும் பழுப்பும்தான் வரும். எண்ணெய் வண்ணத்தில் வரைந்த தங்கம் அச்சிலும் ஓவியமாகவே தெரியும், அதனால் குறையில்லை. தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு) ஒட்டிய ஓவியம் என்றால் அச்சில் செத்துப்போகும். அச்சடித்த பிறகு அந்த இடத்தில் மட்டும் ஓவியரே கையால் ரேக்கு ஒட்டித் தருவது உண்டு, விலையும் அதற்கேற்ப.

'ஜிக்லே பிரிண்ட்' என்றால் உயர்ந்த ரகமா?

பிரெஞ்சில் பீச்சியடிப்பது என்ற பொருளிலிருந்து 1991-ல் ஜாக் டுகான் என்ற அமெரிக்க அச்சுக் கலைஞர் எடுத்துக்கொண்ட பெயர். 'இங்க்ஜெட்' என்றால் ஆபீஸ் நினைவு வருகிறது என்று வேறு பெயர் தேடினார்கள். வேடிக்கை என்னவென்றால், அன்றைய ஐரிஸ் பிரிண்டர்களில் ஓடியது சீக்கிரம் மங்கும் டை மைதான். பெயருக்கு இன்றும் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. மை, தாள் இரண்டின் பெயரைக் கேளுங்கள், போதும்.

அடித்த பிறகு சட்டம் போடுவது?

ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். அவசரப்பட்டால் மையிலுள்ள கரைப்பான் ஆவியாகிக் கண்ணாடியின் உள்பக்கம் பனி மாதிரி படியும். கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. நடுவில் அமிலமில்லாத மவுண்ட் அட்டை வேண்டும், இல்லையேல் மழைக்காலத்தில் ஒட்டிக்கொள்ளும். பின்னால் ஹார்ட்போர்டை நேராக வைக்காதீர்கள். அதன் அமிலம் தாளுக்கு ஏறும். செல்லோடேப், மைதாப் பசை இரண்டும் வேண்டாம். மைதாவுக்கு ராமபாணப் பூச்சி வரும். சூடான லேமினேஷன் போட்டுத் தருகிறேன் என்று ஃபிரேம் கடைக்காரர் ஆசை காட்டுவார். பருத்தித் தாளுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மேட் தாளின் மேல் நகம் பட்டால்கூட வெள்ளைக் கோடு விழும், அதனால் ஓரத்தைப் பிடித்தே தூக்குங்கள். மேற்கு வெயில் விழும் சுவரிலும், விளக்குப் புகையும் சாம்பிராணியும் படும் பூஜை அறையிலும் மாட்ட வேண்டாம்.

ஒரு பிரதிக்கு மை எவ்வளவு ஆகும்?

என் கணக்கில் சதுர அடிக்கு ஒன்று, ஒன்றரை மில்லி. ஏ3 ஒன்றேகால் சதுர அடிக்குச் சற்று மேல். கிளீனிங்கில் போகும் மையை அதன் மேல் கூட்டுங்கள். குறைவாக ஓட்டுகிறவருக்கு அந்தக் கழிவே அச்சுக்குப் போனதைவிட அதிகமாகிவிடும். விலை போடும்போது தவறிய பிரதிகளையும் சேர்க்க மறக்காதீர்கள். புதுத் தாள் என்றால் முதல் இரண்டு எனக்கு இன்றும் குப்பைக்குத்தான் போகின்றன.

பிரிண்டர் வாங்கவில்லை, வெளியில் கொடுக்கிறேன். என்ன கேட்க வேண்டும்?

பிரிண்டர் மாடல், கம்பெனி மைதானா, தாளின் முழுப்பெயர். இந்த மூன்றையும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சில் 'ஆர்க்கைவல்' (நெடுநாள் நிற்கும்) என்பவர் எழுதச் சொன்னதும் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். பெரிய அளவில் போடும் முன், படத்தில் இருட்டும் வெளிச்சமும் முகமும் வருகிற ஒரு பகுதியை மட்டும் கையகலத் துண்டாக அதே தாளில் அடித்து வாங்குங்கள். கடையின் எல்இடி விளக்கில் பார்த்து முடிவு செய்யாமல், வீட்டுக்கு எடுத்துப் போய், எந்தச் சுவரில் மாட்டப்போகிறீர்களோ அங்கே வைத்துக் காலையிலும் இரவிலும் பாருங்கள். அப்புறம் போன் செய்து சரி என்று சொன்னால் போதும்.